குளிர்காப்புச் சப்பாத்து: குடாநாட்டுக் கால்களுக்கான தேர்வும் சோதனையும்

குளிர்காப்புச் சப்பாத்து எதுவும் காலைச் சூடாக்குவதில்லை. குருதி கொண்டுவரும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவது மட்டுமே அதன் வேலை. ஆகவே எந்தச் சப்பாத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகள் எழும். குருதி விரல்நுனிவரை தடையில்லாமல் போகிறதா? போய்ச்சேர்ந்த வெப்பம் எந்த வழியால், எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது? கடைப்பெட்டியில் அச்சிட்ட இலக்கங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும், அதுவும் அரைகுறையாக, விடை சொல்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்து குளிர்நாடுகளுக்குப் போனவர்களுக்கோ முதற் கேள்விதான் பெரிது.

குடாநாட்டில் மார்கழி, தை மாத விடிகாலையில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே போவது அரிது. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்கால், வீதியில் பாட்டாச் செருப்பு, பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் மட்டும் சப்பாத்து என்பதே நீண்டகால வழக்கம். இந்தப் பழக்கத்தோடு உறைபனிக்குள் போனவர்களில் முன்னோடியாக அன்ரனி ராஜேந்திரம் என்பவர் சொல்லப்படுகிறார். 1956இல் நோர்வே சேர்ந்த அவர் அங்குள்ள மீன்பிடித் தொழிலைப் பழகினார். பிறகு காரைநகரில் படகுத் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் கொண்ட சீ-நோர் நிறுவனம் உருவாக வழிசெய்தார். அவர் திறந்த பாதையில் எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் பல இளைஞர்கள் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்குப் படிக்கப் போனார்கள். இலங்கையில் உள்நாட்டுப் போர் முற்றியபின் போனவர்களில் பலர் வடகோடியான பின்மார்க் மாகாணத்தின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்னொரு பெருங்கூட்டம் கனடாவுக்குப் போய் றொரன்ரோவிலும், சிறப்பாக ஸ்காபரோவிலும், மொன்றியலிலும் குடியேறியது.

இவ்விரு இடங்களின் குளிரும் ஒன்றல்ல. பின்மார்க்கின் உள்நாட்டுப் பகுதியான கராஷோக்கில் 1886இல் பதிவான மறை 51.4 பாகைதான் இன்றும் நோர்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை. ஆனால் தமிழர் வேலைசெய்த வார்டோ, போட்ஸ்பியூர் போன்ற கரையோர ஊர்களில், வெதுவெதுப்பான கடல்நீரோட்டத்தால், மாரிக்காலம் சுழியத்தை ஒட்டியே நிற்கும். அங்கே சிக்கல் காற்றும் ஈரமும். றொரன்ரோவில் ஒரே கிழமைக்குள் மறை 20 பாகையும் வரும், உப்புப் போட்டு உருகிய பனிச்சேறும் வரும். ஆகவே உலகிலேயே சூடான சப்பாத்து எது என்ற கேள்விக்குப் பொருள் கிடையாது. நின்று வேலைசெய்பவருக்கா, நடப்பவருக்கா, ஈரத்திலா, வறண்ட குளிரிலா என்று பிரித்துக் கேட்டால்தான் விடை வரும்.

வேட்டைக்காரனும் பஸ் தரிப்பும்

சப்பாத்துத் தொழிலில் குளிர்காப்பை அளவாகவும் வகையாகவும் பிரிக்கும் வழக்கத்தை வளர்த்ததில் வட அமெரிக்க வேட்டைக்காரருக்குப் பெரும் பங்குண்டு. வேட்டையில் உடல் இரண்டு நேரெதிர் நிலைகளுக்கு உள்ளாகிறது. விடியுமுன் பனிக்குள் ஒரு மணிநேரம் நடக்கும்போது உடல் 300, 400 வாற்று வரை வெப்பம் உண்டாக்கும், கால் வியர்க்கும். பிறகு மானோ மூஸ் எனப்படும் பெருமானோ வரும்வரை மூன்று நான்கு மணிநேரம் அசையாமல் இருக்கவேண்டும். அப்போது உடல் உண்டாக்கும் வெப்பம் 100 வாற்றளவுக்கு இறங்கிவிடும். நடையில் ஊறிய வியர்வை அப்போதுதான் குளிரத் தொடங்கும். நோர்வேயில் பெருமான் வேட்டையின்போது காவலிடத்தில் அமர்ந்திருப்பவரின் நிலையும் இதுதான்.

புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தவரில் வேட்டைக்குப் போகிறவர் வெகுசிலர். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரி உறைந்த பிறகு துளையிட்டுத் தூண்டில் போடுகிறவருக்கு மட்டும் வேட்டைக்காரனின் சிக்கல் அப்படியே பொருந்தும். ஆனால் வேகமாக நடந்துபோய்ப் பஸ் தரிப்பில் இருபது நிமிடம் நிற்பவர், இறைச்சிக் கடையின் குளிர்அறைக்கும் வாசலுக்கும் இடையே அலைபவர், மீன்தொழிற்சாலையின் ஈரத்தரையில் எட்டு மணிநேரம் ஓரிடத்தில் நிற்பவர் ஆகியோரும் கால்களைப் பொறுத்தவரை வேட்டைக்காரரே. நகரத்து மாரிச் சப்பாத்து பெரும்பாலும் நடப்பவரை எண்ணிச் செய்யப்படுகிறது. காத்து நிற்பவர் வேட்டைச் சாமான் பிரிவில் உள்ளதைப் பார்ப்பது பயன்தரும். அவற்றின் மங்கலான பச்சை இலைக்கோலம் பிடிக்காவிட்டாலும்.

கால் ஏன் முதலில் குளிர்கிறது

பாதத்தில் தசை குறைவு, மேற்பரப்பு அதிகம். குளிர் தாக்கியதும் உடல் தன் நடுப்பகுதியைக் காப்பாற்றக் கைகால்களின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. விரல்களுக்குப் போகும் குருதி குறைகிறது. விரலின் தோல் ஏறத்தாழ 15 பாகைக்கு இறங்கும்போது நோவு தெரியும். 10 பாகைக்குக் கீழே உணர்ச்சி மங்கும். நோவு நின்றதை நிம்மதியாக எண்ணுவதுதான் ஆபத்தான இடம். அதற்கப்பால் தோல் உறைந்தால் அது பனிக்கடி. உறையாமலே, சுழியத்துக்கு மேற்பட்ட ஈரக்குளிரில் மணிக்கணக்காக நின்றால் நரம்பும் குருதிக்குழாயும் கெடும். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் 1914-15 மாரியில் பிரித்தானியப் படையில் மட்டும் 20,000க்கு மேற்பட்டோரை இந்த நோய் வீழ்த்தியது. அதன்பின் படைகளில் நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதும் காலுறை மாற்றுவதும் கட்டாய ஒழுங்காயின.

வெப்பம் வெளியேறும் வழிகளில் மிக மோசமானது சப்பாத்தின் அடி. மேற்புறத்தில் சுற்றியுள்ளது காற்று. அடியில் தொட்டுக்கொண்டிருப்பது பனிக்கட்டியோ கொங்கிறீற்றோ. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீற்றருக்கும் பாகைக்கும் 0.025 வாற்று, நீருக்கு 0.6, பனிக்கட்டிக்கு 2.2. கம்பளி, நுண்ணிழை, நுரை ஆகிய எல்லாக் காப்புப் பொருள்களும் செய்வது காற்றை அசையாமல் சிறைப்பிடிப்பதுதான். அந்தக் காற்றிருந்த இடத்தில் வியர்வைநீர் புகுந்தால் கடத்தல் இருபது மடங்குக்கு மேல் கூடுகிறது. உடலின் நிறை அழுத்தி இழையை நசுக்கினாலும் காற்று போய்விடும். ஆகவே மேற்புறத்துக்கு உகந்த பஞ்சுபோன்ற காப்பு அடிக்கு உதவாது. அடிக்கு வேண்டியது நசுங்காத பொருள்: கெட்டியான கம்பளி ஃபெல்ட், அல்லது கண்ணறைகள் மூடிய நுரை. ‘அதிக காப்பு’ என்று விற்கப்படும் பல சப்பாத்துகளின் உள்ளடியை வெளியே எடுத்துப் பார்த்தால் மூன்று மில்லிமீற்றர் மெல்லிய தகடுதான் இருக்கும்.

புல், தோல், றப்பர்

கராஷோக்கின் பூர்வகுடிகளான சாமி மக்கள் கம்பளிக் காலுறையை நம்பவில்லை. கலைமான் தோலில் தைத்த விசாலமான சப்பாத்துக்குள், அடித்துப் பதப்படுத்திய ஒருவகைக் கோரைப்புல்லைக் காலுறைக்குப் பதிலாகச் சுற்றி அடைத்தார்கள். புல் காற்றைப் பிடிக்கும், வியர்வையை உறிஞ்சும். இரவில் எடுத்து விரித்தால் காய்ந்துவிடும். இன்றைய சப்பாத்துகளில் பிரித்தெடுக்கக்கூடிய உள்ளுறை என்று எது இருக்கிறதோ அதன் வேலையை இந்தப் புல் செய்தது.

அந்த அறிவை நோர்வீஜியரும் எடுத்துக்கொண்டார்கள். தென்துருவப் பயணத்துக்கு ஆயத்தமான றோல் அமுண்ட்சனின் குழு 1911இன் மாரி முழுதும் சப்பாத்துகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்தது. காரணம் காப்புக் குறைவு என்பதல்ல. உள்ளே இடம் போதவில்லை, காலுறைகளை அடுக்கிப் போட்டால் கால் இறுகியது. செப்ரெம்பர் 8இல் அவசரமாகப் புறப்பட்ட முதல் முயற்சி மறை 50 பாகைக்கும் கீழான குளிரில் முறிந்தது. சிலர் குதிக்கால் உறைந்து திரும்பினார்கள். சப்பாத்துகள் மறுபடியும் பெருப்பிக்கப்பட்டன. ஒக்ரோபரில் புறப்பட்டு டிசெம்பர் 14இல் துருவம் சேர்ந்த ஐவரின் கால்கள் தப்பியதில் அந்தத் தையல் வேலைக்கும் பங்குண்டு. குளிர்காப்பின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை எனலாம்.

அமுண்ட்சன் துருவம் சேர்ந்த மறு ஆண்டில், 1912இல், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எல். எல். பீன் என்ற வேட்டைப்பிரியர் றப்பர் அடிப்பகுதியையும் தோல் மேற்பகுதியையும் இணைத்த வேட்டைச் சப்பாத்தை விற்கத் தொடங்கினார். முதலில் விற்ற 100 சோடிகளில் 90 தையல் விட்டுத் திரும்பிவந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வடிவத்தைத் திருத்தினார். கீழே றப்பர், மேலே தோல், உள்ளே கழற்றக்கூடிய ஃபெல்ட் என்ற அமைப்பு பிறகு வடநாடுகளின் பொதுச் சொத்தாயிற்று. றொரன்ரோத் தமிழர் முதன்முதல் வாங்கிய கனத்த மாரிச் சப்பாத்துகளில் பலவும் இந்த அமைப்புடையவை. ஒன்ராறியோவின் கிச்சினர் நகரில் கோஃப்மன் தொழிற்சாலை செய்த சொரெல் இவற்றில் பெயர்பெற்றது. அந்தத் தொழிற்சாலை 2000இல் முறிந்தது. பெயரைக் கொலம்பியா நிறுவனம் வாங்கியது.

வேறொரு திசையில் போனது கொரியப் போர்க்காலத்து அமெரிக்கப் படைச் சப்பாத்து. இரண்டு றப்பர்ச் சுவர்களுக்கிடையே காப்பை அடைத்து மூடினார்கள். வெளியிலிருந்து நீரும் உள்ளிருந்து வியர்வையும் அதைத் தொடமுடியாது. ஆற்றில் இறங்கி உள்ளே நீர் நிறைந்தாலும் கொட்டிவிட்டுப் போட்டால் மறுபடி சூடு பிடிக்கும். கறுப்பு வகை மறை 29 பாகைக்கும், பின்னால் வந்த வெள்ளை வகை மறை 54 பாகைக்கும் என வகுக்கப்பட்டன. விலை என்னவென்றால், கால் தன் வியர்வையிலேயே நாள் முழுதும் ஊறும். காலுறையை அடிக்கடி மாற்றாதவருக்குத் தோல் வெந்துபோகும்.

கிராம் இலக்கம் சொல்வதும் சொல்லாததும்

த்ரீ எம் நிறுவனம் எழுபதுகளின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த தின்சுலேற் போன்ற நுண்ணிழைக் காப்புகளோடு 200, 400, 800 என்ற இலக்கங்கள் வந்தன. இவை ஒரு சதுர மீற்றர் காப்புத்துணியின் நிறையைக் கிராமில் சொல்கின்றன. வெப்பநிலையைச் சொல்வதில்லை. நடையே பெரும்பகுதி என்றால் 200 போதும். நடையும் நிற்றலும் கலந்தால் 400 முதல் 600. அசையாமல் இருப்பவருக்கு 800க்கு மேல் என்பது வேட்டைக்காரரிடையே வழங்கும் பொதுக்கணக்கு. அதிக இலக்கத்தை வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர் நடக்கும்போது வியர்த்து, நிற்கும்போது இரட்டிப்பாகக் குளிர்கிறார். ஸ்காபரோவின் சராசரி மாரிக்கு 400 கிராமும் நல்ல கம்பளிக் காலுறையும் போதும். ஏரிமேல் இருப்பவருக்குப் போதாது.

வேறு பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நியோபிரீன் நீரை விடாது, வியர்வையையும் விடாது. ஆட்டுத்தோல் கம்பளி வறண்ட குளிருக்கு நன்று, சேற்றில் பாழ். நீராவியை வெளியே விட்டு நீரைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வுகள் சுழியத்தை ஒட்டிய காலநிலையில் நன்றாக இயங்கும். கடுங்குளிரிலோ வியர்வையின் ஆவி சவ்வைக் கடக்குமுன்பே காப்புக்குள் நீராகவும் பனியாகவும் படிந்துவிடும். மலிவான பீ.வீ.சீ. பூட்ஸ் மழைக்குப் போதும். குளிரில் விறைத்து வெடிக்கும். மீன்தொழிற்சாலைக்கு நுரைத்த பொலியூரிதேன் பூட்ஸ் அதைவிட இலேசும் சூடும்.

அகலம்

மங்களூர்ப் பக்கத்தில் 2,300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்து ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. சப்பாத்துப் போட்ட பிள்ளைகளில் 8.6 வீதத்தினருக்கும் போடாதவர்களில் 2.8 வீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. பதினேழு ஆண்டுகளின் பின் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வாழ்வோரை அளந்த இன்னொரு ஆய்வு, அவர்களின் பாதம் முன்பக்கத்தில் அகன்றிருப்பதையும் நிறை பாதமெங்கும் பரவலாக விழுவதையும் காட்டியது. குடாநாட்டுப் பாதங்களை எவரும் தனியே அளந்திருக்கவேண்டியதில்லை. வரம்பிலும் புழுதியிலும் விரல் விரித்து நடந்து வளர்ந்த பாதம் எப்படியிருக்கும் என்பதை எந்தச் செருப்புக் கடைக்காரரும் அறிவார்.

ஐரோப்பிய, வட அமெரிக்கச் சப்பாத்து அச்சுகள் பெரும்பாலும் முன்பக்கம் ஒடுங்கியவை. அகன்ற பாதம் அதற்குள் போகும்போது சுண்டுவிரலும் பெருவிரலும் இரு பக்கச் சுவரோடு அழுந்தும். அழுந்திய இடத்தில் இரண்டு கேடுகள் ஒன்றாக நடக்கும்: காப்பு நசுங்கிக் காற்று போகும், குருதிக்குழாயும் நசுங்கும். அதன்மேல் குளிருதென்று இன்னொரு காலுறையை இழுத்துப் போட்டால் நிலைமை மோசமாகும். புதிதாக வந்தவர்களில் ‘எத்தனை மேஸ் போட்டாலும் கால் விறைக்குது’ என்று சொல்பவர்களின் சப்பாத்தில் காப்பைச் சோதிக்குமுன் அகலத்தைச் சோதிக்கவேண்டும்.

நீளத்தைக் கூட்டி அகலத்தை ஈடுசெய்வது அரைகுறை வழி. குதி வழுக்கும், தோல் உரியும். அகலத்தை எழுத்தால் குறிக்கும் சப்பாத்துகளில் ஆண்களுக்கு இரட்டை ஈ அல்லது அதற்கு மேற்பட்டது கிடைத்தால் அதுவே சரி. இலக்கங்களின் குழப்பமும் உண்டு. இலங்கையில் வழங்குவது பிரித்தானிய இலக்கம். அங்கே 7 என்பது வட அமெரிக்க ஆண்கள் இலக்கத்தில் ஏறத்தாழ 8, ஐரோப்பாவில் 41. ஊரிலிருந்து இலக்கம் கேட்டு வாங்கி அனுப்பிய சப்பாத்து இறுகுவதன் காரணம் பலவேளை இந்த ஒரு இலக்க வேறுபாடே.

அளக்கும் முறை எளிது. பாதம் வீங்கியிருக்கும் மாலைநேரத்தில், மாரியில் போடப்போகும் காலுறையோடு, கடுதாசியில் நின்று சுற்றிக் கோடு கீறவேண்டும். கடையில் உள்ளடியை வெளியே எடுத்து அந்தக் கடுதாசியை அதன்மேல் வைத்தால் கோடு எந்தப் பக்கத்தாலும் வழியக்கூடாது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இருக்கவேண்டும். லேசை இறுக்கிய பிறகும் உள்ளே விரல்களை மடக்கி நிமிர்த்த முடியாவிட்டால், எத்தனை கிராம் காப்பு இருந்தாலும் அந்தச் சோடியைத் திருப்பிவைப்பது நல்லது. காலுறையில் உள்ளே ஒரு மெல்லியது, வெளியே ஒரு தடித்த கம்பளி. அதற்கு மேல் வேண்டாம். கம்பளி தன் நிறையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகத் தோன்றாது. பருத்தி நனைந்ததும் ஒட்டிக்கொண்டு குளிர்விக்கும். ஊரிலிருந்து கொண்டுபோகும் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறை மாரிக்கு ஆகாது.

ஆய்வுகூடத்துச் சோதனைகள்

‘மறை 40 பாகை வரை’ என்று பெட்டியில் எழுதக் கட்டாயமான பொது அளவுகோல் எதுவும் இல்லை. எந்த உடல், எவ்வளவு நேரம், நடந்தா நின்றா என்பதெல்லாம் தயாரிப்பாளரின் விருப்பம். ஒரே நிறுவனத்தின் இரண்டு சப்பாத்துகளை ஒப்பிடுவதற்குத் தவிர வேறொன்றுக்கும் அந்த இலக்கத்தை நம்பக்கூடாது.

வேலைத்தளச் சப்பாத்துகளுக்கு நிலைமை சற்று மேல். ஐரோப்பிய நியமமான ஐ.எஸ்.ஓ. 20345இன்படி சீ.ஐ. என்ற குறி பெறவேண்டுமாயின், சப்பாத்தை மறை 17 பாகையில் 30 நிமிடம் வைக்கும்போது உள்ளடியின் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் குறையக்கூடாது. அடியைப் பற்றி மட்டும், அரை மணிநேரத்துக்கு மட்டும் இது பேசுகிறது என்பதை மறக்கக்கூடாது. எட்டு மணிநேர வேலைக்கு இது குறைந்தபட்ச நுழைவுச்சீட்டு. சுவீடனில் குளிர்க்காலணிகளை ஆராய்ந்த கலேவ் குக்லானே, வெப்பமூட்டிய செயற்கைப் பாதத்தைக் கொண்டு அளந்து, இந்த வகைச் சோதனை போதாது என்று தொண்ணூறுகளிலேயே வாதிட்டார். வியர்வை சேரும்போது காப்பு கணிசமாகக் குறைவதை அவர் காட்டினார். இரும்பு முன்மூடிதான் விரலைக் குளிர்விக்கிறது என்று தொழிலாளர் பரவலாக நம்புவதற்கு அவருடைய அளவீடுகள் பெரிய ஆதாரம் தரவில்லை. களஞ்சிய வேலைக்குப் பச்சை முக்கோணக் குறியிட்ட பாதுகாப்புச் சப்பாத்தோடு போகும் ஒன்ராறியோத் தமிழர் இதைக் கவனிக்கலாம்: பழி இரும்பின்மேல் விழுந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் இறுக்கமும் ஈரமும்தான்.

வழுக்குவது தனிக் கேள்வி. குளிரால் விரலை இழந்தவரைவிடப் பனியில் விழுந்து மணிக்கட்டும் இடுப்பும் முறிந்தவர் நகரங்களில் பன்மடங்கு. 2022க்கு முந்திய நியமத்தின்படி செய்த ஐரோப்பியச் சப்பாத்துகளில் காணப்படும் எஸ்.ஆர்.சீ. குறி சவர்க்காரநீர் ஊற்றிய ஓட்டிலும் கிளிசரீன் ஊற்றிய உருக்கிலும் சோதித்ததற்கானது. பனிக்கட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அந்தக் குறையை நிரப்பியது றொரன்ரோ மறுவாழ்வு நிறுவகம். நிலத்துக்கடியில் அமைத்த ஆய்வுகூடத்தில், சரிக்கக்கூடிய பனித்தரையில் ஆட்களைப் பாதுகாப்புவார் கட்டி நடக்கவிட்டு, எத்தனை பாகைச் சரிவுவரை வழுக்காமல் நடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 7 பாகை தாண்டினால் ஒரு பனித்துகள், 11க்கு இரண்டு, 15க்கு மூன்று என்று தரமிட்டார்கள். 2016இல் முதல் முடிவுகள் வந்தபோது 98 வகைகளில் 9 மட்டுமே ஒரு பனித்துகளாவது பெற்றன. விலைக்கும் பிடிப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. தேறியவற்றில் பெரும்பாலானவை றப்பருக்குள் கண்ணாடியிழையோ கடினத் துணிக்கைகளோ கலந்த அடியுடையவை; விப்ரம் நிறுவனத்தின் ஆர்க்டிக் கிரிப் அவற்றில் ஒன்று. ஆழமான பல்வெட்டு பனித்தூளுக்கு உதவும். வழவழத்த பனிக்கட்டியில் பயனில்லை. அங்கே வேண்டியது குளிரிலும் மென்மை மாறாத றப்பர். கடையில் நகத்தால் அழுத்திப் பார்ப்பது உதவாது. சோடியை ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு வளைத்துப் பார்த்தால் தெரியும்.

வீட்டுச் சோதனைகள்

திருப்பிக்கொடுக்கும் காலம் முடியுமுன் வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. நீருக்கு: உள்ளே உலர்ந்த கடுதாசியை அடைத்து, கணுக்கால் அளவுக்கு நீருள்ள வாளியில் ஒரு மணிநேரம் நிறுத்தினால் தையல் விட்ட இடம் கடுதாசியில் தெரியும். இதைச் செய்தபின் கடை திருப்பியெடுக்குமா என்பதை முன்பே கேட்டுவைப்பது புத்தி.

காப்புக்கு: ஒரே அளவான இரண்டு சோடிகளில் எது மேல் என்று பார்க்க, தடித்த பொலித்தீன் பைகளில் ஒரே அளவு, ஒரே வெப்பநிலை, ஏறத்தாழ 40 பாகை, நீரை ஊற்றி இறுகக் கட்டி ஒவ்வொன்றிலும் வைக்கவேண்டும். வாயை ஒரே மாதிரித் துவாயால் அடைத்து இரண்டு மணிநேரம் வெளியே விட்டுவிட்டு, எதன் நீர் சூடாயிருக்கிறதென்று வெப்பமானியால் பார்க்கவேண்டும். குக்லானேயின் செயற்கைப் பாதத்தின் ஏழைத் தம்பி இது. பை வியர்ப்பதில்லை, நிறையால் அடியை நசுக்குவதுமில்லை. ஆகவே ஒப்பீட்டுக்கு மட்டும் உதவும். அடியைத் தனியே சோதிக்க, ஐஸ்கட்டிமேல் இருபது நிமிடம் நிற்பதைவிட நேரான வழி இல்லை. இதை மட்டும் புறப்படுமுன் யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம். மீன் இறங்குதுறைகளை ஒட்டிப் பெரிய ஐஸ்கட்டி வாங்கமுடியும். மேற்புறக் காப்பை அந்த வெயிலில் எவரும் மதிப்பிட முடியாது.

இவற்றிலெல்லாம் சிறந்தது தராசு. வேலைக்குப் போகுமுன், வந்ததும், மறுநாட் காலையிலும் சப்பாத்தைச் சமையலறைத் தராசில் நிறுக்கவேண்டும். மாலையில் கூடிய நிறை அன்றைய வியர்வை. காலையில் அது முழுதும் போயிருக்கவேண்டும். போகாமல் நாளுக்கு நாள் மிஞ்சிவந்தால் திங்கட்கிழமை சூடாயிருந்த சப்பாத்து வெள்ளிக்கிழமை விறைக்கும். ஒரே ஒரு சோடியோடு நாள்தோறும் வேலைக்குப் போகிறவருக்குக் கழற்றக்கூடிய உள்ளுறையுள்ள சப்பாத்தே உகந்தது என்பதற்கு இதுதான் காரணம். உள்ளுறையை இரண்டு சோடி வைத்து மாற்றிப் போட்டால் இன்னும் நல்லது. கணப்புக்கு மிக அருகில் வைத்து உலர்த்தினால் பசை விடும். பத்திரிகைத்தாளை அடைத்து, ஒருமுறை மாற்றி, காற்றோட்டமான இடத்தில் வைப்பது போதும்.

சிலருக்குத் தனிக் கவனம்

ஒஸ்லோவில் நடந்த ஆய்வுகள் அங்குள்ள இலங்கையரிடையே நீரிழிவு நோர்வீஜியரைவிட மிக அதிகமென்று காட்டியுள்ளன. நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கும். அத்தகையவருக்குக் குளிர்நோவும் தெரியாது, இறுக்கமும் தெரியாது. இங்கே சப்பாத்தைக் காலால் சோதிக்கும் வழி அடைபடுகிறது. கடுதாசி அளவும் தராசும் மட்டுமே நம்பிக்கை. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது கட்டாயம். இரும்புத்தூள் ஒட்சியேற்றத்தால் சூடாகும் பொதிகளை உணர்ச்சி மங்கிய காலில் வைத்தால் வெந்த புண் வரலாம். மற்றவர்களுக்கும் அவை இறுகிய சப்பாத்துக்குள் ஒட்சிசன் போதாமல் அரைகுறையாகவே இயங்கும்.

பிள்ளைகளுக்கு வளருமென்று இரண்டு இலக்கம் பெருப்பித்து வாங்குவது சூட்டைப் பொறுத்தவரை பெரிய தீங்கில்லை. ஓடி விழுவார்கள் என்பதே தீங்கு. உறவினரின் பழைய சப்பாத்தைப் போடுவதில், அடியும் உள்ளடியும் நசுங்கிப்போயிருக்கும் என்பதைக் கவனிக்கவேண்டும். புது ஃபெல்ட் உள்ளடி ஒன்று போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர் விமானநிலையம்வரை போட்டுவந்த மாரிச் சப்பாத்தை அலுமாரியில் வைத்துவிட்டுப் போவதும், பிறகு போகப்போகும் தம்பிக்கோ மருமகனுக்கோ அது கொடுக்கப்படுவதும் உண்டு. பொலியூரிதேன் நுரையடி ஈரமான வெப்பத்தில், போடாமல் வைத்தாலும், நீர்ப்பகுப்பால் சிதையும். குடாநாட்டின் கடற்காற்று அதற்கு மிகப் பொல்லாதது. மேற்புறம் புதிதுபோலவே இருக்க, சில ஆண்டுகளில் அடி உதிரத் தொடங்கும். அப்படி வைத்திருந்த சோடியைக் கையிற்கொண்டு பயணம் புறப்படுமுன் அடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, பின் இரண்டாக வளைத்துப் பார்க்கவேண்டும். வெடிப்போ துகளோ தெரிந்தால் அது விமானம் ஏறத் தகாது. அடி முழுதும் வார்த்த றப்பராயிருந்தால் கெடுவது மெதுவாகும். அதற்கும் வெயில்படாத இடமும், மடிக்காமல் நிறுத்திவைப்பதும் வேண்டும்.